ஒரு பவுனுக்கு எத்தனை மூட்டை நெல்?

இன்னிக்கு ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இருந்ததைவிட இப்ப பண விஷயத்தில நீங்க நல்லா இருக்கீங்களா?

பதில் சொல்றதுக்கு முன்னாடி உங்க மனசு எதைத் தேடிப் போகுதுன்னு கவனிங்க. சிலருக்கு சம்பளம் ஞாபகம் வரும். சிலருக்கு வாடகை, இஎம்ஐ. கூடப் படிச்சவன் போன மாசம் வாங்கின ஃபிளாட் ஞாபகம் வர்றவங்களும் உண்டு. கேள்வி ஒண்ணுதான், ஆனா ஒவ்வொருத்தரும் கையில வேற வேற அளவுகோல் வெச்சுக்கிட்டு அளக்கறோம்.

இந்தக் கேள்வி ரொம்ப நாளா உலகம் பூரா கேட்கப்படுது. அமெரிக்காவில மிச்சிகன் பல்கலைக்கழகம் 1940களிலிருந்து குடும்பங்கள்கிட்ட இதைக் கேட்டுக்கிட்டு வருது. 1980ல ரொனால்ட் ரீகன் தேர்தல் விவாத மேடையில கிட்டத்தட்ட இதே கேள்வியைத்தான் மக்களைப் பார்த்துக் கேட்டார், ஜெயிச்சார். நம்ம ஊர்ல ரிசர்வ் வங்கி ‘நுகர்வோர் நம்பிக்கைக் கணிப்பு’ன்னு ஒண்ணு நடத்துது. போன வருஷத்தோட ஒப்பிட்டா வேலை எப்படி, வருமானம் எப்படி, விலைவாசி எப்படின்னு கேட்டு ஒரு எண் சொல்வாங்க. 100ன்னா சரிசமம். அதுக்குக் கீழ போனா, மோசம்னு சொல்றவங்க அதிகம்னு அர்த்தம். 2019 நடுவில 100க்குக் கீழ இறங்கினது, கொரோனா இரண்டாம் அலை அடிச்ச 2021 மே மாசம் 48.5க்குப் போச்சு. அப்புறம் மெல்ல ஏறினாலும் 2025 வரைக்கும் 100ஐத் தொடவே இல்ல. இதே காலத்தில, 2020-21 தவிர, நாட்டோட மொத்த உற்பத்தி கூடிக்கிட்டேதான் இருந்தது.

ஆனா அந்தக் கணிப்பு பெரிய நகரங்கள்ல எடுக்கறது. கிராமங்களுக்கான கணிப்பை ரிசர்வ் வங்கி தனியா வெளியிட ஆரம்பிச்சதே அண்மையிலதான். அதனால இந்த எபிசோட்ல நான் உங்களைத் தஞ்சாவூர்ப் பக்கம், காவிரி டெல்டாவுக்குக் கூட்டிட்டுப் போறேன். இந்தக் கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட ஊர்கள் அங்க இருக்கு. கீழ்வேளூர் பக்கம் பாலக்குறிச்சின்னு ஒரு கிராமம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 வாக்கில தன் மாணவர்களை வெச்சு சில கிராமங்களை ஆராய்ஞ்சார். அதுல பாலக்குறிச்சியும் ஒண்ணு. 1937ல மறுபடி போனாங்க. அதுக்கப்புறமும் போனாங்க. கடைசியா 2019ல வேளாண் ஆய்வுகளுக்கான அறக்கட்டளை பாலக்குறிச்சியையும் வெண்மணியையும் சேர்த்து ஆய்வு பண்ணிச்சு. நூறு வருஷமா ஒரே ஊர்கிட்ட ‘முன்னைக்கு இப்ப எப்படி?’ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க!

டெல்டாவில இந்தக் கேள்விக்கு பதில் சொல்லணும்னா முதல்ல ஒண்ணு தெரியணும். நீங்க எதுல சம்பாதிக்கறீங்க, நெல்லிலயா காசிலயா?

பழைய கணக்கைக் கொஞ்சம் சொல்லிடறேன். நிலத்தை அளக்க குழி, மா, வேலி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு வேலின்னா 6 ஏக்கரும் முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவும். நெல்லை அளக்க படி, மரக்கால், கலம். 12 மரக்கால் ஒரு கலம், இரண்டு கலம் ஒரு மூட்டை. நிலத்துக்குச் சொந்தக்காரர் மிராசுதார். அவர் நிலத்தைக் குத்தகைக்கோ வாரத்துக்கோ எடுத்து உழுதவர் ஒருத்தர். அதுக்கும் கீழ பண்ணையாள், பெரும்பாலும் தலித் குடும்பங்கள். ஒரே பண்ணையில தலைமுறை தலைமுறையா வேலை, குடிசை போட்டிருக்கிற மனைகூட மிராசுதாருடையது. பண்ணையாளுக்குக் கூலி நெல்தான். மிராசுதார் நெல்லை வித்துக் காசாக்கி, சர்க்காருக்கு வரியையும் கடன்காரருக்கு வட்டியையும் காசாக் கட்டணும்.

இப்ப 1930க்கு வாங்க. உலகப் பெருமந்தம். நெல் விலை ஏறக்குறைய பாதியா விழுந்தது. பர்மாவிலிருந்து மலிவான அரிசி வேற கப்பல் கப்பலா வந்து இறங்குது. நிலவரி அதே காசு, கடன் அதே காசு, நெல்லுக்கு மட்டும் பாதி விலை. ‘அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எப்படி இருந்தேன்’னு ஒரு மிராசுதாரைக் கேட்டிருந்தா மணிக்கணக்கில புலம்பியிருப்பார், அதுல நியாயமும் இருந்திருக்கும். கொடுமை என்னன்னா, அந்த நேரத்திலதான் தண்ணி உறுதியாச்சு. 1934 ஆகஸ்ட் 21ல மேட்டூர் அணை திறக்கறாங்க. கல்லணைக் கால்வாய், உள்ளூர்க்காரங்க புது ஆறுன்னு சொல்றது, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் புதுசா பாசனம் கொண்டு போகுது. விளையற நெல் கூடுது, விளைஞ்சதுக்கு விலை இல்ல.

அதே வருஷங்கள்ல பண்ணையாள் வீட்டில என்ன நடந்தது? அவருக்குக் கூலி மரக்கால் கணக்குல வந்ததால விலை விழுந்தது நேரா அடிக்கலை. அரை வயிறு நேத்தும் அரை வயிறுதான், இன்னிக்கும் அரை வயிறுதான். அவரைப் போய் ‘முன்னைவிட நல்லா இருக்கியா’ன்னு கேட்டா, கேள்வியே புரிஞ்சிருக்காதுன்னு நினைக்கிறேன். மேல போறதும் இல்ல, கீழ விழ இடமும் இல்ல.

1938ல ராஜாஜி அரசு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டு வந்தது. 1932 அக்டோபருக்கு முன்னால வாங்கின கடனுக்கு, 1937 அக்டோபர் வரைக்கும் பாக்கி நின்ன வட்டி மொத்தமும் ரத்து. பெரிய விஷயம்தான். ஆனா அந்தச் சட்டத்தில ‘விவசாயி’ன்னா நிலத்தில விற்கத்தக்க உரிமை இருக்கிறவர். சேத்துல நிக்கறவர் அந்த வரையறைக்குள்ள வரல.

நாலே வருஷம், எல்லாம் தலைகீழ். 1942ல பர்மா ஜப்பான்காரங்க கைக்குப் போச்சு, அரிசிக் கப்பல் நின்னுபோச்சு, நெல் விலை ஏறுது. பத்து வருஷம் புலம்பினவங்க கையில திடீர்னு காசு. பண்ணையாளுக்கு இப்பவும் அதே மரக்கால். நெல் கூலியா வந்ததால சோத்துக்கு ஒரு காப்பு இருந்தது உண்மை. துணிக்கும் மண்ணெண்ணெய்க்கும் அந்தக் காப்பு இல்ல. எதிர் வீட்டுப் பத்தாயம் நிறையறதும் கண்ணுக்குத் தெரியுது.

1943ல கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பி. சீனிவாசராவ் கம்யூனிஸ்ட் கட்சி வேலையா கீழத்தஞ்சைக்கு வர்றார். சேரி சேரியாப் போய் சங்கம் கட்டறார். அந்தச் சங்கம் முதல்ல எழுப்பின கோரிக்கைகளைப் பாருங்க. கூலி உண்டு. ஆனா அதுக்கு இணையா, சவுக்கடி கூடாது, சாணிப்பால் குடிக்க வைக்கக் கூடாது. தப்பு செஞ்சான்னு ஒரு மனுஷனைக் கட்டி வெச்சு அடிச்சு, சாணியைக் கரைச்சு வாயில ஊத்தற தண்டனை இந்த நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டு வரைக்கும் நம்ம ஊர்ல நடந்திருக்கு. இது எந்த வருமானக் கணக்கிலயும் வராது. 1940லயும் 1950லயும் ஒரு குடும்பத்துக்கு ஒரே அளவு நெல் வந்திருக்கலாம். ஆனா 1950ல அடி விழலைன்னா அந்தக் குடும்பம் நல்லா இருக்கா இல்லையா? கீழத்தஞ்சையில பழைய ஆட்கள் இன்னிக்கும் அந்தக் காலத்தைப் பேசும்போது கூலியைவிட இதைத்தான் அதிகமாச் சொல்வாங்க.

1952 ஆகஸ்டில தஞ்சை சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வருது. கொண்டு வந்தது மறுபடியும் ராஜாஜிதான், இந்தத் தடவை கம்யூனிஸ்ட்டுகள் தேர்தல்ல காட்டின பலத்தைப் பார்த்த பிறகு. குத்தகைக்காரருக்கு விளைச்சல்ல 40 சதவீதம். பண்ணையாளைக் காரணம் இல்லாம விரட்டக் கூடாது. ஒரு கிராமத்தில ஒரு வேலிக்கு மேல நிலம் இருக்கிறவங்களுக்கு இது பொருந்தும். நடந்தது என்னன்னா, நிறைய பேர் பண்ணையாளே வேண்டாம்னு நாள் கூலிக்கு மாறிட்டாங்க. அடிமைத்தனம் போச்சு, அதோட சேர்ந்து வேலை நிச்சயமும் போச்சு. இதை முன்னேற்றம்னு சொல்றதா? நான் முன்னேற்றம்னுதான் சொல்வேன். ஆனா அடுத்த நாள் வேலை இருக்குமான்னு தெரியாத ஒருத்தர் வேற மாதிரி சொல்லியிருக்கலாம்.

இந்த நேரத்திலதான் கேத்லீன் கஃப் அப்படிங்கற மானுடவியலாளர் தஞ்சாவூர் வர்றாங்க. 1951லிருந்து 1953 வரைக்கும் இரண்டு கிராமங்கள்ல தங்கறாங்க. ஊர்ப் பேரை மறைச்சு கும்பபேட்டை, கிரிப்பூர்னு எழுதினாங்க. பத்து வருஷம் கழிச்சு, 1961ல ஆந்த்ரே பெத்தேய் வந்து காவிரிக் கரையில ஸ்ரீபுரம்னு அவர் பேர் வெச்ச ஊர்ல இருந்து பார்த்தார். பிராமண மிராசுதார்கள் நிலத்தை வித்துட்டு மெட்ராஸுக்கும் பம்பாய்க்கும் கிளம்பிக்கிட்டிருந்த காலம் அது.

இங்க ஒரு சின்ன இடைச்செருகல். இதைக் கேக்கறவங்கள்ல சில பேர் வீட்டில ‘எங்க தாத்தாவுக்கு இத்தனை வேலி நிலம் இருந்தது, எல்லாம் போச்சு’ன்னு ஒரு பேச்சு இருக்கும். அந்தத் தாத்தாவோட பையன் பேங்க்ல வேலை பார்த்திருப்பார், பேத்தி இன்னிக்கு ஐடியில இருப்பாங்க. ரூபாய்ல பார்த்தா மூணு தலைமுறையும் ஏறிக்கிட்டேதான் போயிருக்கு. இருந்தாலும் குடும்பக் கதை மட்டும் வீழ்ச்சியோட கதை. ஏன்னா நிலம் கொடுத்த மரியாதையை சம்பளம் கொடுக்கலை. சொல்லவந்தது, மனசு ஆறாத இந்த ஒப்பீடு ஏழைகளுக்கு மட்டும் உள்ளது இல்ல.

திரும்ப டெல்டாவுக்கு வருவோம். 1960ல மத்திய அரசு தீவிர விவசாய மாவட்டத் திட்டத்துக்கு நாட்டில தேர்ந்தெடுத்த முதல் சில மாவட்டங்கள்ல தஞ்சாவூர் ஒண்ணு. பேக்கேஜ் திட்டம்னு சொல்வாங்க. விதை, உரம், கடன் எல்லாம் ஒரே கட்டா வரும். அறுபதுகளோட நடுவில ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏடிடி-27 வந்தது. குறுகிய காலப் பயிர், குறுவைக்கு ஏத்தது. ஒரு போகம் இருந்த இடத்தில இரண்டு போகம். டெல்டாவில நெல் பெருகின வருஷங்கள் இவை.

1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில 44 பேரை ஒரே குடிசைக்குள்ள வெச்சு எரிச்சாங்க. எல்லாரும் தலித் மக்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அந்தத் தகராறோட வேர் அறுவடைக் கூலி. அரைப்படி நெல் கூடுதலாக் கேட்டாங்க. நெல் உற்பத்தியாளர் சங்கம்னு ஒண்ணு வெச்சிருந்த மிராசுதார்கள், கேட்டதைக் கொடுக்கறதுக்குப் பதிலா வெளியூர் ஆட்களை இறக்கினாங்க, செங்கொடியை இறக்கச் சொன்னாங்க. மத்தது உங்களுக்குத் தெரியும். வழக்குல குற்றம் சாட்டப்பட்ட நில உடைமையாளர்களை 1973ல உயர் நீதிமன்றம் விடுதலை பண்ணிச்சு.

நம்ம கேள்விக்கு இது ரொம்ப முக்கியமான இடம். பஞ்ச வருஷத்தில வெடிச்ச கோபம் இல்ல இது. அதுக்கு முன்னாடி எப்பவும் இல்லாத அளவு நெல் விளைஞ்ச காலத்தில வெடிச்சது. 1969ல மத்திய உள்துறை அமைச்சகமே கிராமப் பதற்றங்களைப் பத்தி ஒரு அறிக்கை தயார் பண்ணிச்சு. அதே வருஷம் ஃபிரான்சின் ஃபிராங்கல் அப்படிங்கற அமெரிக்க அரசியல் ஆய்வாளர் ஐந்து மாவட்டங்களைச் சுத்திப் பார்க்க வந்தாங்க, தஞ்சாவூர் அதுல ஒண்ணு. 1971ல புத்தகமா வந்த அவங்க முடிவைச் சுருக்கமாச் சொன்னா இதுதான்: புது விதையால பெரிய நிலக்காரருக்கு நிறையக் கிடைச்சது, சின்ன நிலக்காரருக்கும் கூலி ஆளுக்கும் கிடைச்சது சொற்பம். இடைவெளி விரிஞ்சது. மகசூல் கணக்கை மட்டும் பார்த்த அதிகாரிகளுக்கு ‘எல்லாருக்கும் நல்லதுதானே நடக்குது, ஏன் கோபப்படறாங்க’ன்னு ஆச்சரியம். களத்துமேட்டில நின்னு, போன வருஷம் எத்தனை மூட்டை வண்டியேறிச்சு, இந்த வருஷம் எத்தனை ஏறுதுன்னு தன் கையால தூக்கி ஏத்தினவங்களுக்கு அந்த ஆச்சரியம் இருந்திருக்காது. அரைப்படிங்கறது பசிக்கான கணக்கு மட்டுமில்ல, பங்குக்கான கணக்கும்தான்.

வெண்மணிக்கு அப்புறம் கணபதியா பிள்ளை கமிஷன், 1969ல நியாயக் கூலிச் சட்டம். அந்தச் சட்டமும் கூலியை லிட்டர் நெல்லிலதான் குறிச்சது, ரூபாய்ல இல்ல. விலைவாசி எப்படி ஆடினாலும் சோறு குறையக் கூடாதுங்கற பழைய புத்தி அதுல இருக்கு. 1971ல வந்த குடியிருப்பு மனைச் சட்டத்தைப் பத்தி யாரும் அதிகம் பேசறதில்ல. நான் கேட்டா அதைத்தான் பெரிசுன்னு சொல்வேன். அடுத்தவர் நிலத்தில குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனை சொந்தமாச்சு. அதுவரைக்கும் கூலி கேட்டா, வேலையோட வீடும் போகும். அப்புறம் வேலை மட்டும்தான் போகும்.

1976ல கேத்லீன் கஃப் அதே இரண்டு கிராமங்களுக்குத் திரும்ப வந்தாங்க. கால் நூற்றாண்டு இடைவெளி. உரம், பம்புசெட், டிராக்டர், புது ரக நெல், எல்லாம் வந்தாச்சு. ஆனா கூலி ஆட்கள் நிலைமை உயரலை, சில விதங்கள்ல முன்னைவிடத் தாழ்ந்திருக்குன்னுதான் அவங்க எழுதினாங்க. நிலம் அதே அளவு, ஆள் கூடிட்டாங்க, ஒரு ஆளுக்கு வருஷத்தில கிடைக்கிற வேலை நாள் கூடலை. அவங்க இடதுசாரி, அதனால இருட்டாத்தான் பார்ப்பாங்கன்னு சொன்னவங்க உண்டு. பார்வை ஒரு பக்கம் இருக்கட்டும், வேலை நாள் கணக்கை மறுக்க முடியாது.

அடுத்த முப்பது நாற்பது வருஷத்தை வேகமாத் தாண்டிடறேன். நில உச்சவரம்பு 15 ஏக்கர் ஆச்சு. 1972ல நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்து, நெல்லை அரசாங்கமே நேரடியா வாங்கற பழக்கம் ஊன்றிச்சு. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனவங்க அனுப்பின பணத்தில மாடி வீடுகள் எழுந்தது. காவிரியில தண்ணி குறைஞ்சு குறுவை பல வருஷம் பொய்ச்சது. திருப்பூருக்கும் சென்னைக்கும் பசங்க பஸ் ஏறினாங்க. 2006ல ரேஷன் அரிசி கிலோ 2 ரூபா, 2008ல 1 ரூபா, 2011 ஜூன் முதல் இலவசம்.

இந்தக் கடைசி வரி சும்மா கடந்து போறதில்ல. அரைப்படி நெல்லுக்காக உயிர் போன மண்ணில, ஒரு அட்டையை நீட்டினா மாசம் 20 கிலோ அரிசி சும்மா கிடைக்குது. வெண்மணி தலைமுறையில உயிரோட இருக்கிறவங்களுக்கு இது என்னன்னு தெரியும். அவங்க பேரப் பசங்களுக்குத் தெரியாது, தெரியணும்னு எதிர்பார்க்கறதும் தப்பு. பசி இல்லாம பிறந்தவனுக்கு பசி இல்லாதது ஒரு வரவாத் தெரியாது. அவன் கணக்கு அங்கிருந்து மேலதான் ஆரம்பிக்கும்.

சரி, கடந்த அஞ்சாறு வருஷத்துக்கு வருவோம். தலைப்புல கேட்ட கணக்கைப் போடலாம். டெல்டாவில கையில வர்ற காசு கடைசியில போய்ச் சேர்ற இடம் பெரும்பாலும் பவுன்தான். கல்யாணம்னா பவுன், அவசரம்னா நகைக்கடன், நடவுக்கு முதல் வேணும்னாலும் நகையைத்தான் கொண்டு போய் வைக்கணும். அதனால பவுன்ல அளக்கறது ஒண்ணும் தமாஷ் இல்ல.

2019-20 பருவத்தில சன்ன ரக நெல்லுக்கு மத்திய அரசு விலையும் மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து குவிண்டாலுக்கு 1,905 ரூபா. 2020 ஆரம்பத்தில பவுன் சுமார் 30 ஆயிரம். ஆக ஒரு பவுனுக்கு ஏறக்குறைய 16 குவிண்டால் நெல், 60 கிலோ மூட்டையாச் சொன்னா 26 மூட்டை. ஏக்கருக்கு 30, 35 மூட்டை கண்டா நல்ல விளைச்சல்னு சொல்வாங்க. அதாவது ஒரு ஏக்கர் நெல்லை வித்தா, செலவைக் கழிக்காமப் பார்த்தா, ஒரு பவுன் வாங்கிட்டு மிச்சமும் இருக்கும்.

2025-26ல அதே நெல்லுக்கு 2,545 ரூபா. மூணுல ஒரு பங்கு கூடியிருக்கு, குறைவில்ல. ஆனா 2025 அக்டோபர்ல, குறுவை அறுவடை நடந்துக்கிட்டிருந்தப்ப, பவுன் 90 ஆயிரத்தைத் தாண்டிச்சு. ஒரு பவுனுக்கு 35 குவிண்டால், கிட்டத்தட்ட 59 மூட்டை. ஏறக்குறைய இரண்டு ஏக்கர் விளைச்சல். இதிலயும் செலவைக் கழிக்கலை.

‘தங்கம் உலகம் பூரா ஏறிச்சு, அதுக்கும் விவசாயிக்கும் என்ன’ன்னு ஒரு பொருளாதாரக்காரர் கேக்கலாம். நியாயமான கேள்வி. பெட்டியில ஏற்கெனவே பத்துப் பவுன் இருக்கிற வீட்டுக்கு இது லாபம். முன்னைவிட மூணு மடங்கு மதிப்பு, வெச்சா கூடுதல் கடன் கிடைக்கும். வயசுக்கு வந்த பொண்ணு இருந்து, இனிமேதான் நகை சேர்க்கணும்னு இருக்கிற வீட்டுக்கு இதே ஏற்றம் இடி. 1930களோட கதையேதான் இது, நெல்லும் காசும் இருந்த இடத்தில இப்ப ரூபாயும் பவுனும். ஒரே தெரு, ஒரே வருஷம், இரண்டு வீட்டில இரண்டு பதில்.

தண்ணிக்கும் இப்படித்தான். மேட்டூர் அணையை ஜூன் 12ல திறக்கறது வழக்கம். 2024ல அப்படித் திறக்க முடியல, ஜூலை 28தான் திறந்தாங்க. போர்வெல் இருக்கிறவர் இலவச மின்சாரத்தில குறுவை போட்டு எடுத்துட்டார். ஆத்துத் தண்ணியை மட்டும் நம்பின அடுத்த வரப்புக்காரர் சம்பாவுக்காகக் காத்துக்கிட்டிருந்தார். அவங்க இரண்டு பேரையும் கூட்டி இரண்டால வகுத்து ஒரு சராசரி சொன்னா, அது இரண்டு பேருக்குமே பொருந்தாது.

நிலமே இல்லாதவங்களுக்கு வாங்க. அறுவடை மிஷின் வந்து அருவாள் வேலையை மொத்தமா எடுத்துக்கிச்சு. ஆண்கள் கட்டட வேலை, டிரைவர் வேலை, வெளியூர்னு போயிட்டாங்க. பாலக்குறிச்சி, வெண்மணி மாதிரி ஊர்கள்லயே குடும்ப வருமானத்தில பெரும் பங்கு இப்ப வயலுக்கு வெளியிலிருந்துதான் வருது. பெண்களுக்கு மிஞ்சினது நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை. அந்த நூறு நாள் வேலைக்கு 2019-20ல அறிவிச்ச கூலி 229 ரூபா, 2025-26ல 336. பவுன்ல போட்டுப் பாருங்க. அன்னிக்கு ஒரு பவுன் 131 நாள் கூலி. 2025 அக்டோபர் விலையில 268 நாள். வேலையோ அப்ப வருஷத்துக்கு நூறு நாள்தான், அதுவும் முழுசாக் கிடைச்சா.

அரிசியில அளந்தா வேற படம். ரேஷன் அரிசி சும்மா. டவுன் பஸ்ஸில 2021லிருந்து டிக்கெட் இல்ல. 2023 செப்டம்பர்லிருந்து மகளிர் உரிமைத் தொகைன்னு மாசம் ஆயிரம் ரூபா அவங்க பேர்லயே கணக்குல விழுது. கையை நீட்டி யாருகிட்டயும் வாங்கவேண்டியதில்ல. அம்மா காலத்தில பண்ணை வீட்டு வாசல்ல நின்ன நிலை இவங்களுக்கு இல்ல. இதை எல்லாம் ‘ஓசி’ன்னு சொல்ற நகரத்து நாக்கு ஒண்ணு இருக்கு. களவடியில நின்னு சிந்தின நெல்லைக் கூட்டி அள்ளிட்டுப் போன வாழ்க்கையை அந்த நாக்கு பார்த்ததில்ல.

அப்போ அந்தப் பெண்கள் நல்லா இருக்கோம்னு சொல்வாங்களா? சொல்லலாம். ஆனா வாரா வாரம் மைக்ரோ ஃபைனான்ஸ் குழுத் தவணை ஒண்ணு இருக்கு. பசங்க காலேஜ் ஃபீஸுக்கோ ஆஸ்பத்திரிக்கோ வாங்கின கடன். குழுவில ஒருத்தர் கட்டலைன்னா மத்த எல்லாரும் உக்காந்திருக்கணும். வசூல்காரங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கற கொடுமை எந்த அளவுக்குப் போச்சுன்னா, 2025ல தமிழ்நாடு அரசு கட்டாய வசூலைத் தடுக்கத் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. 1938ல கடன் சட்டம் வந்தப்ப நிலம் இல்லாதவர் அதுல இல்ல, அவருக்குப் பண்ணையைத் தவிர வேற யாரும் கடன் கொடுக்கவே தயாரா இல்ல. இன்னிக்கு அவர் பேத்திக்கு ஆதார் அட்டையைக் காட்டினா நாலு கம்பெனி கடன் கொடுக்குது, வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்து திண்ணையில உக்காந்து கணக்குப் பார்க்குது. திங்கட்கிழமை ஒரு கம்பெனி, புதன்கிழமை இன்னொண்ணு.